எதிர்பாராமல் அணைந்தது

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட படைப்பு ஒரே ஒரு வாக்கியம்தான். ஆசிரியர் பெயர் கிடையாது. உலகம் பூராவும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருக்கிறது. படித்தவர்கள் மிகச் சிலர். பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு மூலை உண்டு. கம்ப்யூட்டர் தன் டயரியை அங்கேதான் எழுதி வைக்கும். பட்டென்று அணைந்துபோன கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தால், அந்த டயரியில் 6008 என்ற எண்ணோடு ஒரு வரி சேர்ந்திருக்கும். முன்பு நின்றுபோனது இன்ன தேதி, இன்ன மணி, இத்தனை செகண்ட், அது எதிர்பாராதது. அவ்வளவுதான்.

எதிர்பாராதது! யார் எதிர்பார்க்கவில்லை? கம்ப்யூட்டரா, விண்டோஸா, மின்வாரியமா? ஏன் நின்றது என்பதைப் பற்றி மூச்சு இல்லை. செகண்ட் சுத்தமாக ஒரு நேரம் மட்டும் கொடுக்கிறது. அந்த நேரம்கூட சாகும்போது எழுதியது அல்ல. உயிரோடு இருந்தபோது கடைசியாகக் குறித்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து, மறுநாள் எழுந்தபிறகு பின்தேதியிட்டு எழுதிக்கொள்வது. அரசு அலுவலகக் குறிப்பேடுகளில் நாம் பார்த்திருக்கிற வேலைதான்.

இந்த வாக்கியத்தோடு நான் மல்லுக்கட்ட நேர்ந்தது ஒரு தமிழாசிரியரால். ஓய்வுபெற்றவர், வயது 79. நங்கநல்லூரில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். முப்பது வருஷமாகப் பனைத்தொழில் சொற்களைச் சேகரித்துக்கொண்டிருக்கிறார். முருக்குத்தடி, கடிப்பு, அருவாப்பெட்டி, கலயம் என்று ஆரம்பித்து 900 பக்கத்துக்குப் போய்விட்டது. சொல்லைக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை. மிச்சப்பேர் மரம் ஏறுவதில்லை.

இந்த 900 பக்கமும் 2005-ல் வாங்கிய ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டரில் இருக்கிறது. "வேறே கம்ப்யூட்டருக்கு மாத்திட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். அவர் தட்டச்சிட்ட தமிழ் மென்பொருள் அந்தக் காலத்து வழக்கப்படி தனக்கென்று ஒரு எழுத்துமுறை வைத்திருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். ஐகாரக் கொம்பெல்லாம் அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. தவிர, அந்த மென்பொருள் திறக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரின் பின்னால் பிரின்டர் சொருகும் அகலமான துளையில் ஒரு பூட்டுக்கட்டையைச் சொருக வேண்டும். டாங்கிள் என்பார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் அந்தத் துளையே கிடையாது. மென்பொருளின் சி.டி. எப்போதோ தொலைந்துவிட்டது. ஆக, அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் அந்த அகராதிக்கு வீட்டுக் கதவு. தமிழில் ஒவ்வொரு கம்பெனியும் ஆளுக்கொரு எழுத்துமுறை வைத்து வியாபாரம் செய்த கதையை இன்னொரு வாரம் திட்டிக்கொள்ளலாம். 1999-ல் சென்னை மாநாட்டில் தரப்படுத்தி, 2010-ல் அரசு யூனிகோடுக்கு வந்தபிறகும் எத்தனை புத்தகங்கள் இப்படிப் பூட்டிக் கிடக்கின்றனவோ.

அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் ஆன் ஆகவில்லை. உள்ளே இருந்த எஸ்.எம்.பி.எஸ். - அதாவது சுவர் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிற தகரப்பெட்டி - வயதாகிச் செத்துவிட்டது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். புது கேபினெட், அதோடு இலவச இணைப்பாக வரும் புது எஸ்.எம்.பி.எஸ்., பழைய மதர்போர்டு, பழைய ஹார்டு டிஸ்க், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். புதுச் சட்டை போட்ட கிழவர் மாதிரி மேஜையில் ஜம்மென்று உட்கார்ந்தது. அன்றைக்கு மாலையே பொட்டென்று அணைந்தது.

மறுபடி பையன். "வைரஸா இருக்கும் ஐயா. ஃபார்மேட் பண்ணிடலாம்."

இந்த வாக்கியத்தையும் விமர்சனத்தில் சேர்த்துக்கொள்கிறேன். 6008-க்கு இது கொஞ்சமும் இளைத்ததல்ல. முன்னது காரணம் சொல்லாமல் நேரம் சொல்கிறது. பின்னது காரணம் தேடாமல் தண்டனை சொல்கிறது. வைரஸ் கம்ப்யூட்டரை அணைக்காதா என்றால், அணைக்கும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகத்தையே அப்படித்தான் படுத்தியது. ஆனால் அது மரியாதையாக ஒரு கட்டம் போட்டு, அறுபது செகண்ட் எண்ணிக் காட்டிவிட்டு விண்டோஸை மறுபடி துவக்கியது. விளக்கு ஊதினாற்போல் அணைந்து, அணைந்தபடியே கிடப்பது அதன் பாணி அல்ல. பையனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் இவ்வளவு என்று கூலி. நாளைக்கு ஆறு வீடு. உட்கார்ந்து யோசிப்பதற்குக் காசு கொடுப்பார் யாருமில்லை. ஃபார்மேட் செய்தால் முக்கால் மணி நேரம் ஏதோ ஓடுகிறது, வேலை நடந்த மாதிரி இருக்கிறது, காசு வாங்கக் கூச்சமாகவும் இல்லை. அவன் அந்த டிஸ்க்கை அழித்திருந்தால் சி.டி. இல்லாத மென்பொருள் போயிருக்கும். முப்பது வருஷமும் டாங்கிளும் மேஜை மேல் அநாதையாகக் கிடந்திருக்கும். நல்லவேளை, வாத்தியார் "ஃபார்மேட்னா என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டார். சொல்லின் பொருள் கேட்கிற பழக்கம் அகராதியைக் காப்பாற்றியது. எனக்குப் போன் செய்தார்.

முதல் வேலையாக டிஸ்க்கைக் கழற்றி, என் லேப்டாப்பில் யூ.எஸ்.பி. வழியாக மாட்டி, முழுசாகப் பிரதி எடுத்தேன். வைத்தியத்துக்கு முன்னால் உயில். இதை எல்லாக் கடைக்காரர்களும் சுவரில் எழுதி ஒட்டலாம்.

இரண்டாவது வேலையில் சறுக்கினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் நான். பழைய பென்டியம் 4, அதுவும் பிரெஸ்காட் வகை, தோசைக்கல் போலச் சுடும் என்பது ஊரறிந்த விஷயம். ஆக, சூடுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். அதன்மேல் உட்காரும் விசிறியை நான்கு பிளாஸ்டிக் ஆணிகள் பிடித்திருக்கும். அதில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் விசிறி சாய்ந்து உட்காரும், சிப் கொதிக்கும். எடுத்துப் பார்த்தேன். ஆணிகள் ஒழுங்காக இருந்தன. சிப்புக்கும் விசிறிக்கும் நடுவில் தடவும் பசை மட்டும் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. துடைத்து, புதுப் பசை தடவி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். அன்றைக்கு இரவும் அணைந்தது.

பிற்பாடுதான் உறைத்தது. பென்டியம் 4 சூடானால் உடனே சாகாது. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற சோதனைக்காரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விசிறிக் கட்டையைச் சிப்பிலிருந்து பிடுங்கினார்கள். அன்றைய அத்லான் புகைவிட்டுச் செத்தது. பென்டியம் 3 அப்படியே நின்றது. பென்டியம் 4 மட்டும் நத்தையாக ஊர்ந்தபடி விளையாட்டைத் தொடர்ந்தது. உள்ளே இருக்கும் அபாயக் கதவு எல்லாம் கைமீறிப்போன பிறகுதான் மூடும். வாத்தியாரின் கம்ப்யூட்டர் அணைவதற்கு முன் மந்தமானதே இல்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், டப்பென்று போகும். இதை நான் பசை தடவுவதற்கு முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காததற்குத் தண்டனையாக அவரே ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். "தம்பி, ஒவ்வொரு வாட்டியும் என்ன நடந்ததுன்னு எழுதி வச்சிருக்கேன். பிரயோஜனப்படுமா பாருங்க."

என் வாழ்நாளில் படித்த மிகச் சிறந்த தொழில்நுட்ப ஆவணங்களில் அது ஒன்று. மிகையில்லை. 23 பதிவுகள். ஒவ்வொன்றிலும் நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், பிறகு என்ன செய்தார். அதைவிட முக்கியம், மனிதர் வினைச்சொற்களைப் பிரித்து வைத்திருந்தார். 'அணைந்தது' என்று 21 இடத்தில். 'உறைந்தது' என்று இரண்டு இடத்தில். கேட்டேன், ஏன் இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள் என்று.

"ரெண்டும் வேற வேற தம்பி. உறைஞ்சா படம் நிக்கும், வெளிச்சம் இருக்கும், விசிறிச் சத்தம் கேக்கும். அணைஞ்சா எல்லாமே போயிரும். தானாவே மறுபடி எந்திரிச்சா, அதுக்கு 'மீண்டும் எழுந்தது'ன்னு எழுதலாம்னு இருந்தேன். இதுவரைக்கும் எந்திரிக்கலை."

இதைத்தானய்யா எந்தக் கடையிலும் கேட்பதில்லை! கம்ப்யூட்டர் வைத்தியத்தின் முதல் பாடமே இந்த மூன்று வினைச்சொற்கள்தான். உறைந்தால் ஒரு திசை: மென்பொருளோ, டிஸ்க்கோ, இடுக்கில் ஆடும் இணைப்போ. தானாக எழுந்தால் இன்னொரு திசை: நினைவுச் சில்லு, மதர்போர்டு, அல்லது நீலத்திரையை நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டு எழும் விண்டோஸ். அணைந்து, அணைந்தபடியே கிடந்தால் மின்சாரம், சூடு, அல்லது ஸ்விட்ச். நாம் இந்த மூன்றையும் சேர்த்து "சிஸ்டம் ஆஃப் ஆயிடுது" என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கடைக்கு அனுப்புகிறோம். கடைக்காரரும் மூட்டையைப் பிரிக்காமலேயே ஃபார்மேட் செய்கிறார். விளக்குக்கு மட்டும் நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது! சாமி விளக்கு 'மலையேறும்', 'குளிரும்'. காற்றில் 'அவியும்'. யாழ்ப்பாணத்தில் 'நூரும்'. ஆள் அணைத்ததா, தானாகப் போனதா, எண்ணெய் தீர்ந்ததா என்பது சொல்லிலேயே பாதி தெரிந்துவிடும். 6008-ஐ எழுதியவருக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஸ்விட்ச் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் ஸ்விட்ச் என்றால் ஸ்விட்ச். 'டக்' என்று பேன் ஸ்விட்ச் மாதிரி மின்சாரத்தையே துண்டிக்கும். 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தபிறகு, முன்னால் இருப்பது வெறும் மனுப்பெட்டி. அழுத்தினால் 'ஐயா, ஆன் ஆகலாமா?' என்று மதர்போர்டுக்கு விண்ணப்பம் போகும். அது பச்சை ஒயர் மூலம் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்பும். அணைத்த பிறகும் ஊதா ஒயரில் 5 வோல்ட் விழித்துக்கொண்டே இருக்கும். நாலு செகண்ட் விடாமல் அழுத்தினால் கேள்வி இல்லாமல் அணைந்துவிடும். இதனால், மலிவான கேபினெட்டில் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் கம்ப்யூட்டர் எழுந்து நாலே செகண்டில் செத்துப்போகும். ஊரெல்லாம் மதர்போர்டை மாற்றியபிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. வாத்தியாருடையது அது இல்லை. நாலு செகண்ட் எங்கே, இருபது நிமிஷம் எங்கே.

நோட்டுக்கு வருவோம். 21 அணைப்புகளில் 17, 'சொல்லடைவு போட்டபோது' என்று இருந்தது. அவருடைய பழைய மாணவர் ஒருவர் 2006-ல் ஒரு குட்டி புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். 900 பக்கத்தையும் மேய்ந்து, ஒவ்வொரு சொல்லும் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் பட்டியல் போடும். சுமாராக எழுதிய புரோகிராம். சிப்பை முழு மூச்சில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓட வைக்கும். பாக்கி நான்கும் சி.டி. எழுதும்போது. சும்மா தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ஒருமுறைகூட அணைந்ததில்லை. பதினேழு தடவை அணைந்த பிறகும் பதினெட்டாவது தடவை சொல்லடைவு போட உட்கார்ந்தவரின் பிடிவாதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அகராதியே இல்லை.

ஆக, பளு ஏறும்போது போகிறது. பளு ஏறினால் சூடும் ஏறும், மின்சாரமும் ஏறும். எது? அதற்கும் நோட்டிலேயே விடை இருந்தது. மூன்றாவது பதிவிலிருந்து ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: 'பட்டனை அழுத்தினால் வரவில்லை. சுவரில் ஸ்விட்சை அணைத்துப் போட்டபின்பே உயிர் வந்தது.'

நான் இந்த வரியைப் பசை தடவுவதற்கு முன் படித்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். சூட்டினால் அணைந்தால் கொஞ்சம் ஆறியபின் பட்டனை அழுத்தினாலே பொதுவாக எழும். எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே பூட்டிக்கொண்டால்தான் இப்படி ஆகும். 'என்னால் தாங்க முடியவில்லை, அல்லது எங்கோ ஷார்ட்' என்று அதற்குள் இருக்கும் காவல் சுற்று கதவைச் சாத்தித் தாழ் போடும். பல எஸ்.எம்.பி.எஸ்.களில் மெயின் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால்தான் தாழ் திறக்கும். அதாவது செத்தது யார் என்று வாத்தியார் எழுதி வைத்துவிட்டார். படிக்கத்தான் ஆளில்லை.

இப்போது மூன்றாவது படைப்பு: அந்த இலவச எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டியிருந்த லேபிள். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே பொடி எழுத்தில் கணக்கு. பேப்பரும் பேனாவும் எடுத்தேன். 3.3 வோல்ட்டில் 20 ஆம்பியர்: 66 வாட்ஸ். 5 வோல்ட்டில் 30 ஆம்பியர்: 150. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர்: 120. சில்லறை இரண்டும் சேர்த்து 16. மொத்தம் 352. மீதி 98 வாட்ஸ் எங்கே போயிற்று? கற்பனை. பெட்டியின் கணக்கே பெட்டியின் தலைப்பைப் பொய்யாக்குகிறது. இவ்வளவு அப்பட்டமான முரணை ஒரு நாவலில் யாராவது எழுதியிருந்தால் பதிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த 352-ம் சபையில் எடுபடாது. பென்டியம் 4 காலத்திலிருந்து சிப் தனக்கு வேண்டியதை 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கிறது. இந்த வகை சிப்புக்கு 84 வாட்ஸ் என்று இன்டெல்லே சொல்கிறது. அதை மதர்போர்டு மாற்றித் தரும்போது ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தால் 105 வாட்ஸ். 12-ஆல் வகுத்தால் 8.75 ஆம்பியர். டிஸ்க், சி.டி., விசிறிகள் எல்லாம் சேர்ந்தால் பத்தைத் தொட்டுவிடும். லேபிள் சொல்வதே பத்துதான். தலைப்பில் அத்தனை தாராளமாக இருப்பவர் அடிக்குறிப்பில் நேர்மையாக இருப்பாரா? மல்ட்டிமீட்டரை மஞ்சள் ஒயரிலும் கறுப்பு ஒயரிலும் வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். வாத்தியாரைச் சொல்லடைவு போடச் சொன்னேன். 11.6, 11.4, 11.1. ஏ.டி.எக்ஸ். விதிப்படி 11.4-க்குக் கீழே போகக் கூடாது. வாத்தியார் "இப்ப 'ப'கரத்துக்கு வந்துருக்கு தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் பொட்.

அக்காள் மகன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கி மாட்டினேன். கையில் எடுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதே சொல்லடைவு, 24 நிமிஷம், கடைசி 'ன'கரம் வரை ஓடியது. கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டோம். கேபினெட் முழுசுக்கும் கொடுத்ததைவிட அதற்கு அதிகம்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். பத்து நாள் கழித்து வாத்தியார் போன் செய்தார். குரலில் சின்ன உற்சாகம்கூட இருந்தது. "தம்பி, 'மீண்டும் எழுந்தது'!"

மூன்று தடவை எழுந்திருந்தது. புது வினைச்சொல், ஆகவே புது நோய். இந்தத் தடவை அவசரப்படவில்லை. விண்டோஸ் மறைத்து வைக்கும் நீலத்திரையைக் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றினேன். நீலத்திரை வரவே இல்லை, நேராக எழுந்தது. சரி, விண்டோஸே இல்லாமல் பார்ப்போம் என்று மெம்டெஸ்ட் என்ற சோதனையை சி.டி.யிலிருந்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். அதற்குள்ளேயும் ஒருமுறை எழுந்தது. விண்டோஸும் வைரஸும் அந்த நிமிஷத்தில் விடுதலை. நினைவுச் சில்லைக் கழற்றி வேறு போர்டில் போட்டால் சுத்தமாக ஓடியது. டார்ச் அடித்து மதர்போர்டைப் பார்த்தேன். சிப்பின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் குட்டிக் குட்டி உருளைகளில் மூன்றுக்குத் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் துருப்பிடித்த மாதிரி பழுப்பு.

கப்பாசிட்டர்கள். நல்ல நிலையில் தலை தட்டையாக இருக்கும். உள்ளே இருக்கும் திரவம் சரியில்லை என்றால் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் சேர்ந்து உப்பும். அதற்காகவே தலையில் சிலுவைபோல் கீறி வைத்திருப்பார்கள், வெடிக்காமல் விரிசல் விட. 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுக்க இது ஒரு கொள்ளைநோயாகவே பரவியது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் திரவச் சூத்திரம் அரைகுறையாகத் திருடப்பட்டு, தைவான் தயாரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தது என்று 2002, 2003-ல் தொழில்துறைப் பத்திரிகைகள் எழுதின. சூத்திரத்தைத் திருடியவர், கெடாமல் காக்கும் வரியை விட்டுவிட்டாராம். சமையல் குறிப்பைப் பார்த்து எழுதும்போது உப்பை விட்டமாதிரி.

இதில் எனக்குக் கோபம் வருவது திருட்டுக்காக அல்ல. அமெரிக்காவில் டெல் கம்பெனி மேல் ஒரு வழக்கு நடந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்றதில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இந்தக் கப்பாசிட்டர்களால் பழுதாகும் ஆபத்தில் இருந்தன என்று 2010-ல் வெளியான ஆவணங்களிலிருந்து தெரிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாகச் செத்தபோது கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? நீங்கள் கஷ்டமான கணக்குகளைப் போட்டு கம்ப்யூட்டரை அளவுக்குமேல் வேலை வாங்கிவிட்டீர்கள் என்று! கணிதத் துறை கணக்குப் போடாமல் கூழா காய்ச்சும்? நம் பையனும் இரண்டாம் தடவை வந்தபோது அதையேதான் சொல்லியிருக்கிறான். "ஐயா, இவ்ளோ பெரிய ஃபைலை ஓட்டுனா எப்படி? சின்னதா யூஸ் பண்ணுங்க." ஃபார்மேட்டையாவது மன்னிக்கலாம், இதை என்னால் முடியவில்லை. செய்த வேலையே குற்றம் என்று 79 வயதுக்காரரை நம்பவைத்து, அவரும் ஒரு வாரம் அகராதியைத் திறக்காமல் பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

கம்ப்யூட்டர் தன் கஷ்டத்தை மனிதனிடம் சொல்லவே முடியாதா? சொல்லியிருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று நிலாவில் இறங்கிக்கொண்டிருந்த அப்பல்லோ 11 ஓடத்தின் கம்ப்யூட்டர் 1202 என்று ஒரு எண்ணைக் காட்டியது. 'கையில் வேலை அதிகம், எல்லாவற்றையும் முடிக்க நேரமில்லை' என்று அர்த்தம். தன்னைத்தானே மறுபடி துவக்கிக்கொண்டு, அநாவசிய வேலைகளைக் கீழே போட்டுவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் விடாமல் செய்தது. ஆனால் அந்த எண் மட்டும் போதவில்லை. ஹூஸ்டனில் ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞர் அபாய எண்களையெல்லாம் கையால் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் 'பரவாயில்லை, இறங்கலாம்' என்று முடிவாயிற்று. அங்கேயும் ஒரு கையெழுத்துக் காகிதம்தான்.

ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் போர்டை எடுத்துப்போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதல் கேள்வி: "நிக்குதா, திரும்ப எந்திரிக்குதா?" எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. "மூணு போயிருக்கு, ஆனா எட்டையும் மாத்திடறேன். மீதியும் அதே வயசுதானே" என்று சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினார். முக்கால் மணி நேரம். வாங்கிய காசு ஒரு ஓட்டல் சாப்பாட்டை விடக் கொஞ்சம் அதிகம்.

கேள்வி கேட்கத் தெரிந்த அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆள் யாரும் இல்லை.

நோட்டிலிருந்த இரண்டு 'உறைந்தது' என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பீர்கள். அது வேறு சமாசாரம். டாங்கிளைத் திருகாமல் சும்மா சொருகியிருந்தார். மின்விசிறிக் காற்றில் ஒயர் ஆடும்போது மென்பொருள் அதைக் காணாமல் திகைத்து நின்றிருக்கிறது. இரண்டு திருகாணி, முடிந்தது.

கம்ப்யூட்டர் இப்போது ஓடுகிறது. வலைத்தொடர்பு இல்லாமல்தான், எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலோடு கைகழுவிவிட்டது. அகராதியைப் பக்கம் பக்கமாக பி.டி.எஃப். ஆக்கி வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கொம்பு இடம்மாறாமல் யூனிகோடுக்கு மாற்ற அந்தப் பழைய மாணவரே ஒரு புரோகிராம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். 'ச'கரம் முடிந்திருக்கிறது.

போன வாரம் போனபோது நோட்டைப் புரட்டினேன். கப்பாசிட்டர் மாற்றிய தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. நேற்றைய தேதியில் மட்டும் புதிதாக ஒரு வரி இருந்தது. மாலை 6.40, 'அணைத்தேன்'.